பறவையின் நிறம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை அறுவடை முடிகிற சமயத்தில் வடுவூர் பறவைகள் சரணாலயத்து ஏரிக்கரையில் புது பைனாகுலர்கள் நடமாடத் தொடங்கிவிடும். சத்தம் போடாதே, பளிச்சென்ற சட்டை வேண்டாம் என்பதை எல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். நிறத்தில் கோட்டை விடுவதைத்தான் யாரும் சொல்வதில்லை.

எதிர்வெயிலில் பார்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு கணக்கெடுப்பில், காலை வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்ற தம்பி ஒருவர், சேற்றில் மேய்ந்த கூட்டம் முழுவதையும் ‘கருப்பு அரிவாள் மூக்கன்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். கரையைச் சுற்றி அழைத்துப் போய் வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக் காட்டினேன். அதே கூட்டம்! கழுத்தில் பொடிப்பொடியாக வெள்ளைக் கீற்று, உடம்பில் பழுப்பு, இறக்கையில் பச்சையும் ஊதாவும். இது பழுப்பு அரிவாள் மூக்கன் என்ற வேறு இனம், அளவிலும் சிறியது. நிஜமான கருப்பனுக்குப் பின்னந்தலையில் சிவப்பும் தோளில் வெள்ளைத் திட்டும் இருக்கும். திருத்தாமல் தாளைக் கொடுத்திருந்தால் ஒரு கூட்டமே இன்னொன்றின் பெயரில் கணக்கில் ஏறியிருக்கும்.

அந்தப் பச்சையும் ஊதாவும் சாயம் இல்லை. இறகுக்குள் மெலனின் என்ற கருநிறப் பொருளும் கெரட்டின் என்ற புரதமும் அடுக்கடுக்காக இருக்கும் விதத்தால், பட்டுத் திரும்பும் ஒளியில் உண்டாகிற நிறம். ஒளி உங்கள் பக்கம் திரும்பி வந்தால்தான் தெரியும். வீட்டில் மயிலிறகு இருந்தால் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், மங்கிய பழுப்புதான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள், இறகின் கண்ணில் நீலம் வந்துவிடும். நம் கூரைக் காக்கையின் தொண்டையிலும் இப்படி நீலமும் ஊதாவும் உண்டு.

உட்கார்ந்திருக்கும்போதே முடிவு கட்டுவது

வரப்பில் நிற்கும் மடையான் சேற்று நிறம், எழுந்தால் வெள்ளை. மின்கம்பியில் அழுது வடிகிற பனங்காடை, வெட்டுக்கிளியைப் பார்த்து இறங்கும்போது இறக்கையில் இரண்டு நீலத்தை விரிக்கும். காத்திருங்கள்.

கல் எறிந்து கிளப்புவது

கூடாது.

ஒரு பருவத்தோடு நிறுத்துவது

முருங்கைப் பூவில் ஆடும் கருநீல ஆண் தேன்சிட்டு, இனப்பெருக்கம் முடிந்ததும் மஞ்சள் வயிறும் நடுவில் ஒரு கருங்கோடுமாக மாறிவிடும். மடையானுக்குக் கூடு கட்டும் காலத்தில் முதுகு அரக்குச் சிவப்பு. வருடா வருடம் யாராவது இதைப் ‘புதுப் பறவை’ என்று கொண்டு வருகிறார்கள்.

போனில் நிறத்தை ஏற்றுவது

ஏற்றிய படத்தை அனுப்பி, அப்புறம் என்னிடம் பெயர் கேட்காதீர்கள்.