பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம்: பொறியியல் மாணவர்களை வேலைக்கு ஆயத்தப்படுத்தத் துறைத் தலைவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் தன்னாட்சி பெறாதவற்றுக்குப் பாடத்திட்டத்தையும் பருவத் தேர்வு வினாத்தாளையும் பல்கலைக்கழகமே வகுத்துத் தருகிறது. ஆகவே, படித்து முடித்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லையே என்ற கேள்வி எழும்போதெல்லாம், "பாடத்திட்டம் மாறாமல் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்ற பதிலே துறைகளிலிருந்து வருகிறது. இந்தப் பதிலை ஏற்க முடியாது. 2021 ஒழுங்குமுறையின்படி எழுத்துப் பாடங்களில் அகமதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும், ஆய்வகப் பாடங்களில் 60 மதிப்பெண்ணும் கல்லூரியிடமே விடப்பட்டுள்ளன. இறுதியாண்டுச் செயல்திட்டத்தை (ப்ராஜெக்ட்) வழிநடத்துவதும், பயிற்சிக்கு எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வதும், கால அட்டவணை போடுவதும் துறையின் பொறுப்பே. நேர்முகத் தேர்வில் ஒரு மாணவரை நிமிர்ந்து பேசவைப்பவை பெரும்பாலும் இந்த இடங்களில்தான் உருவாகின்றன.

ஆறாம் பருவத்தில் வெளியிலிருந்து பயிற்றுநர்களை அழைத்து ஆப்டிட்யூட் (கணக்கு, தர்க்கம் சார்ந்த திறனறித் தேர்வு) வகுப்பு நடத்துவதையே பல கல்லூரிகள் வேலைவாய்ப்புப் பயிற்சி என்று கருதுகின்றன. முதல் சுற்றுத் தேர்வைத் தாண்ட அது உதவும் என்பதால் அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சுற்றில், "உங்கள் செயல்திட்டத்தில் இந்த மோட்டாரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்கும்போது திணறும் மாணவரை அந்த வகுப்பு காப்பாற்றாது. சீர்திருத்தத்தை இரண்டாம் ஆண்டின் ஆய்வகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆய்வகம்

இன்றைய ஆய்வக வகுப்பில் சோதனையின் முடிவு மாணவருக்கு முன்பே தெரியும். முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்ட் நோட்டில் அளவீடுகள் இருக்கின்றன. மூவர் நிற்கும் மேசையில் ஒருவர் கருவியைத் தொடுகிறார், மற்ற இருவரும் எழுதிக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகம் விதித்த சோதனைகளைக் குறைக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் பின்னால் விடை தெரியாத ஒரு வேலையைச் சேர்க்க முடியும். அகமதிப்பீட்டின் கணிசமான பங்கை அந்த வேலைக்கு ஒதுக்கினால் மாணவர்கள் அதைத் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

இயந்திரவியல் துறையில், பழைய பம்பிலிருந்து கழற்றிய ஒரு தண்டைக் கொடுத்து, வெர்னியராலும் மைக்ரோமீட்டராலும் அளந்து, டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு) குறிப்பிட்டு வரைபடம் வரையச் சொல்லுங்கள். அதை எந்த இயந்திரத்தில், எந்த வரிசையில் செய்திருப்பார்கள் என்றும் எழுதச் சொல்லுங்கள். மின்னணுவியல் துறையில், ஆசிரியரே வேண்டுமென்று பழுதாக்கிய சர்க்யூட் போர்டைக் கொடுத்து, மல்டிமீட்டரையும் ஆசிலோஸ்கோப்பையும் வைத்துப் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செய்யுங்கள். கட்டடவியல் மாணவரிடம் ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் வரைபடத்தைக் கொடுத்து, கம்பி வளைப்புப் பட்டியலையும் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலின்படி மதிப்பீட்டையும் தயாரிக்கச் சொல்லலாம். கணினித் துறையில் முதல் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொருவரும், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளைப் பயன்படுத்தப் பழகியிருக்க வேண்டும். புதிதாக நிரல் எழுதுவதைவிட, வேறொருவர் எழுதிய நிரலைப் படித்துப் பிழை திருத்துவதே வேலையின் முதல் ஆண்டில் அவர்கள் அதிகம் செய்யப்போவது. ஆகையால் அதற்கே அதிக நேரம் கொடுங்கள்.

மேசையில் யார் கருவியைத் தொடுகிறார் என்பதை வாரந்தோறும் சுழற்சி முறையில் மாற்றி, பெயர் போட்டுக் குறித்து வையுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வரையறைகளைக் கேட்பதை விட்டுவிட்டு, "இந்த அளவீடு இப்படி வந்திருக்கக் கூடாதே, ஏன் வந்தது?" என்ற ஒரே கேள்வியைத் தொடர்ந்து கேட்டுவந்தால், சில வாரங்களிலேயே வகுப்பின் இயல்பு மாறத் தொடங்கும்.

அகமதிப்பீட்டுத் தேர்வு

பருவத் தேர்வின் அமைப்பை எல்லோரும் அறிவர்: பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள், இறுதியில் ஒரு பதினைந்து மதிப்பெண் வினா. கல்லூரித் தேர்வையும் அதே அச்சில் வார்த்து, வினா வங்கியை முன்கூட்டியே கொடுத்துவிடுவதால் தேர்ச்சி விழுக்காடு உயர்கிறது. சிந்திக்கும் பழக்கம் வளர்வதில்லை. அமைப்பை மாற்றாமலேயே, அந்தப் பதினைந்து மதிப்பெண் வினாவை மட்டும் வினா வங்கியில் இல்லாததாக வையுங்கள். தேவைக்கு மேல் சில தரவுகளைக் கொடுத்தோ, ஒரு தரவை விட்டுவிட்டோ வினாவை அமைத்தால், எதை ஒதுக்குவது, எதை அனுமானிப்பது என்று மாணவர் முடிவெடுத்தாக வேண்டும். முதல் தேர்வில் மதிப்பெண் சரியும். பெற்றோர் கேட்பார்கள், நிர்வாகமும் கேட்கும். அந்த நேரத்தில் ஆசிரியரைத் தனியே விடாமல் துறைத் தலைவர் அவருக்குத் துணை நிற்க வேண்டும்.

செயல்திட்டம்

பல ஊர்களில் ப்ராஜெக்ட் சென்டர்கள் நடக்கின்றன. பணம் கொடுத்தால் அறிக்கையும் மாதிரியும் ஆயத்தமாகக் கிடைக்கும். நான்காண்டுப் படிப்பில் மாணவர் தமது சொந்த அறிவால் ஒன்றைச் செய்துபார்க்கக் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு இப்படி விலைக்குப் போவது எனக்கு ஆறாத வருத்தம் தருகிறது. தடை விதிப்பதால் மட்டும் இது நிற்காது. அந்தக் கடைகளில் கிடைக்காத தலைப்புகளைத் துறையே தேடிக் கொடுத்தால்தான் நிற்கும்.

அந்தத் தலைப்புகள் கல்லூரியின் அருகிலேயே இருக்கின்றன. கோவையில் பம்பு, மோட்டார் உற்பத்தியும் வார்ப்படப் பட்டறைகளும், ஓசூரில் வாகன உதிரிப் பாகத் தொழிற்சாலைகளும், திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சார்ந்து வளர்ந்த கொதிகலன் ஃபேப்ரிகேஷன் கூடங்களும், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளும், திருப்பூரில் பின்னலாடை ஆலைகளும், சிவகாசியில் அச்சகங்களும் உள்ளன. இவை ஒவ்வொன்றிலும் உரிமையாளர் நெடுநாளாகத் தீர்க்க நேரமில்லாமல் விட்டுவைத்த சிக்கல் ஒன்றாவது இருக்கும்: அடிக்கடி நிராகரிக்கப்படும் ஒரு பாகம், மின்கட்டணத்தை ஏற்றும் ஒரு கம்ப்ரஸர், கையால் எழுதி எழுதித் தவறு நேரும் ஒரு இருப்புப் பதிவேடு.

ஆறாம் பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில், இரண்டிரண்டு ஆசிரியர்களாகச் சென்று இத்தகைய சிக்கல்களைத் திரட்டுங்கள். சான்றிதழுக்காக வந்து தொல்லை கொடுக்கும் மாணவர்களைப் பார்த்துச் சலித்த உரிமையாளர்கள் முதலில் தயங்குவார்கள்; எனவே முதல் ஆண்டில் மூன்று நான்கு பட்டறைகளோடு நிறுத்திக்கொண்டு, அவற்றை ஒழுங்காக முடித்துக் கொடுப்பதே மேல். சிக்கலை ஒரு பக்கத்தில் எழுதி, உரிமையாளரிடமே காட்டி ஒப்புதல் வாங்கிய பின்னரே மாணவரிடம் கொடுக்க வேண்டும். வாரந்தோறும் என்ன செய்தார்கள், எது பலிக்கவில்லை என்று மாணவர் தமது கையெழுத்தில் குறிப்பேடு எழுத வேண்டும். பலிக்காத முயற்சிகளை விளக்கமாக எழுதியவருக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. இறுதி மதிப்பீட்டுக்கு அந்த உரிமையாளரையோ அவருடைய சூப்பர்வைசரையோ அழைத்து அமரவைத்தால், விலைக்கு வாங்கிய அறிக்கை சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும்.

பட்டறையும் வகுப்பறையும் இணைந்திருக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் தொடங்கப்பட்டபோது, 1926 முதல் இயங்கிவந்த பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் அதன் அருகிலேயே இருந்தது. உற்பத்திப் பயிற்சியோடு இணைந்த ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பும் அங்கே நடக்கிறது. அந்த அளவுக்கு எல்லாக் கல்லூரிகளாலும் செய்ய இயலாது. ஆனால் மாணவர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் பட்டறையில் நிற்கும்படி ஏழாம் பருவக் கால அட்டவணையைத் திருத்துவதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை.

ஆசிரியர்கள்

எம்.இ. முடித்த கையோடு கற்பிக்க வந்தவர்களே நம் துறைகளில் அதிகம். அவர்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்ததில்லை. அது அவர்கள் குற்றமும் அன்று. கோடை விடுமுறையில் சேர்க்கைப் பணிக்காக ஊர் ஊராக அவர்களை அனுப்புவதைக் குறைத்து, இரண்டு மூன்று வாரம் ஒரு தொழிற்சாலையில் சம்பளத்தோடு இருக்கச் செய்ய வேண்டும் என்று நிர்வாகத்திடம் துறைத் தலைவர் வாதாட வேண்டும். குறைந்த ஊதியத்தில், ஆண்டுதோறும் ஆள் மாறும் துறையில் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது.

மொழி

தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் நேர்முகத் தேர்வில் தடுமாறும்போது, அதை ஆங்கில வகுப்பின் குறை என்று ஒதுக்கிவிடுகிறோம். பொருளே தெளிவாகப் புரியாதவருக்கு எந்த மொழியிலும் பேச வராது. சோதனையைப் பற்றி முதலில் தமிழிலேயே தாராளமாக விவாதிக்க விடுங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் அரைப் பக்கம், எதையும் பார்த்து எழுதாமல், சொந்த வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் பருவத்திலிருந்து வாரம் ஒன்று என எழுதிவருபவருக்கு, எட்டாம் பருவத்தில் தம் வேலையைப் பற்றிப் பேசுவது பெரும் பாரமாக இராது.

இணையப் படிப்பும் பயிற்சியும்

2022-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தின் படிப்புகளையும், ஐ.ஐ.டி.கள் முதலிய நிறுவனங்கள் இணையவழி நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளையும், எளிதில் மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காக அன்றி, துறையின் விருப்பப் பாடங்களோடும் செயல்திட்டத்தோடும் பொருந்துமாறு தேர்ந்தெடுக்க வேண்டும். என்.பி.டி.இ.எல். சான்றிதழுக்குத் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டியிருப்பதால், வேலைக்கு எடுப்பவர்களிடம் அதற்கு மதிப்பு உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வழங்கப்படும் இன்டர்ன்ஷிப் சான்றிதழை ஏற்காதீர்கள். மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட நாட்குறிப்பும், திரும்பி வந்தபின் துறையில் ஒரு வைவாவும் கட்டாயம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் வளாகத் தேர்வில் இடம் கிடைக்காதவர்களைப் பட்டமளிப்போடு கைவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டபின், பொறியியல் பட்டதாரிகளுக்கும் ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சி பெற வழி உண்டு. தென் மண்டலத்துக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. உதவித்தொகையின் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்பதால் சிறு நிறுவனங்களும் ஆள் எடுக்க முன்வரக்கூடும். செயல்திட்டத்துக்குச் சிக்கல் தந்த பட்டறை உரிமையாளர்களிடமே இதை முதலில் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு மாணவரைத் தெரியும், மாணவருக்கும் அந்தப் பட்டறை பழக்கமாகியிருக்கும். எட்டாம் பருவம் முடிவதற்கு முன்பே, துறை அலுவலகத்தில் ஒருவரை இதற்கெனப் பொறுப்பாக்கி, வேலை கிடைக்காத ஒவ்வொரு மாணவரையும் தொழிற்பழகுநர் பயிற்சிக்கான இணையதளத்தில் பதிவு செய்ய வையுங்கள்.