மேனுவலுக்கு மாறியவர்கள் வரிசையாக விழும் குழிகள்

போன மாதம், புதிதாகக் கேமரா வாங்கிய ஏழெட்டுப் பேருடன் விடியற்காலையில் கோயம்பேடு பூச்சந்தைக்குப் போயிருந்தேன். ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல் மோடு பழகத்தான். நான் அந்தக் காலத்தில் அடித்த கூத்துகளை ஒன்று விடாமல் ஒரு மணி நேரத்தில் செய்து காட்டிவிட்டார்கள். லென்ஸ் மூடி, சார்ஜ் இல்லாத பேட்டரி இதெல்லாம் இரண்டு தடவை பட்டால் தானே சரியாகிவிடும். அதை விடுங்கள்.

ஐஎஸ்ஓவைக் கண்டு நடுங்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சாமந்தியை நிறுத்துக் கொட்டும் கையை ஒருவர் 1/30 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ, 200. கேட்டால், "ஏற்றினால் நாய்ஸ் வருமே சார்!" படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பிசிறைச் சொல்கிறார்.

எனக்கும் அப்படித்தான் காதில் ஓதியிருந்தார்கள். சித்தப்பா மகள் கல்யாணம், ஊர்க் கோயிலில் விடிகாலை முகூர்த்தம். போட்டோவுக்கு நான் பொறுப்பு. ஒரு டியூப்லைட், இரண்டு குத்துவிளக்கு. கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் 55-க்குப் போனால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, 5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டுவதில்லை என்று சபதம் வேறு. ஷட்டரை 1/15-க்கு இறக்கினேன்.

கெட்டிமேளம் கொட்டியது, எடுத்தேன். கேமராவின் குட்டித் திரையில் அருமையாகத்தான் இருந்தது. வீட்டில் கம்ப்யூட்டரில் திறந்தால், பின்னால் இருந்த தூண் துல்லியம். தாலிக்கயிறு இரண்டாகத் தெரிகிறது, மாப்பிள்ளையின் விரல்கள் கரைந்துவிட்டன, அட்சதை அரிசி ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைக் கோடு. முடிச்சு மூன்று, மூன்றும் அப்படியே. ஆல்பம் புரட்டும்போது அந்தப் பக்கத்தில் மட்டும் சித்தி ஒன்றும் பேசமாட்டார்.

லென்ஸில் இருக்கும் அசைவுத் தடுப்பு என் கை நடுக்கத்தைத் தாங்கும். மாப்பிள்ளையின் கை அசைந்தால் அது என்ன செய்யும்? தேவைப்பட்டது 1/125, அதாவது மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி). ஐஎஸ்ஓவை 800, 1600, 3200 என்று மூன்று படி ஏற்றியிருந்தால் கணக்கு நேர். நாய்ஸை அப்புறம் மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். கரைந்த விரலை எங்கே போய்த் தேடுவது? இருட்டாக எடுத்துப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்பதும் ஏமாற்றுதான். சென்சாரில் வெளிச்சம் குறைவாக விழுந்தால் நாய்ஸ் எப்படியும் உண்டு. பின்னால் தூக்கினால் பல கேமராக்களில் நிழல் பகுதி இன்னும் மோசமாகும்.

மீட்டர் முள்ளை நடுவிலேயே நிறுத்துவது

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். ஃபிரேம் முழுக்க மல்லிகையை நிரப்பி முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தால், பூ பழைய வேட்டி நிறத்தில் வரும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏற்றுங்கள். கருங்கல் சிலை என்றால் இறக்குங்கள்.

திரை வெளிச்சத்தை நம்புவது

இருட்டில் எல்லாப் படமும் பளிச்சென்றுதான் தெரியும். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் பாருங்கள்.

ஆட்டோ ஐஎஸ்ஓ

ஷட்டரை எவ்வளவு திருப்பினாலும் படத்தின் வெளிச்சம் மாறவில்லையா? ஐஎஸ்ஓவைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவை நீங்கள் அணைக்கவில்லை.

நேற்றைய செட்டிங்

ராத்திரி ஐஎஸ்ஓ 6400, காலையில் அதை மாற்றாமலே கடற்கரை, படமெல்லாம் வெள்ளை. இரண்டு முறை செய்திருக்கிறேன்.