கடன் வாங்கிப் பங்கு வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

உங்கள் கைமுதல் ஒரு லட்சம் ரூபாய், தரகு நிறுவனம் தரும் மார்ஜின் கடன் மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு லட்சத்துக்கு வாங்கிய பங்கு 10 விழுக்காடு ஏறினால் 40,000 ரூபாய் கிடைக்கும். அது கைமுதலுக்கு 40 விழுக்காடு. லீவரேஜ் என்பது இதுதான். பலர் கணக்கை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் வட்டியைக் கழியுங்கள். ஆண்டுக்கு 12 விழுக்காடு என்றால் மூன்று லட்சத்துக்கு 36,000 ரூபாய். அந்த 10 விழுக்காடு ஏற்றத்துக்கு ஓராண்டு காத்திருந்தால் மிஞ்சுவது 4,000 ரூபாய்தான். கடனே வாங்காதவருக்கோ 10,000 கிடைத்திருக்கும்.

அடுத்த கணக்குதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது: விலை எவ்வளவு இறங்கினால் பங்கு உங்கள் கையை விட்டுப் போகும்? பங்குகள் கடனுக்கு அடமானமாக இருப்பதால், அவற்றின் மதிப்பில் கடன் போக உங்களுக்கு மிஞ்சும் பகுதி குறிப்பிட்ட விகிதத்துக்குக் கீழே போனதும் நிறுவனம் கூடுதல் பணம் கேட்கும். இதுதான் மார்ஜின் கால். குறித்த நேரத்துக்குள் தராவிட்டால் விற்றுவிடும். அந்த விகிதம் 20 விழுக்காடு என்றால், கடன் பங்கு மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; எனவே கடனை 0.8ஆல் வகுங்கள். மூன்று லட்சத்துக்கு விடை 3,75,000. அதாவது, நான்கு லட்சத்திலிருந்து வெறும் 6.25 விழுக்காடு இறங்கினாலே மார்ஜின் கால் வந்துவிடும். பிறகு விலை இருமடங்கானாலும் உங்களுக்குப் பயனில்லை, ஏனெனில் காத்திருக்கும் உரிமையைக் கடன் கொடுத்தவரிடம் ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டீர்கள்.

கணக்கில் புலிகளாக இருந்தவர்களையும் இது விடவில்லை. 1997இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் இருவரும் பங்குதாரர்களாக இருந்த அமெரிக்க நிதியமான லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட், 1998இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 470 கோடி டாலர் முதலை வைத்துக்கொண்டு 12,000 கோடி டாலருக்கும் மேல் கடன் வாங்கியிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ரஷ்யா தன் கடன் பத்திரங்களுக்குப் பணம் தருவதை நிறுத்தியதும் சந்தைகள் கலங்கின. செப்டம்பரில் 14 நிதி நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் போட்டு நிதியத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. அவசரமின்றிக் காத்திருக்க முடிந்த அந்த நிறுவனங்கள் போட்ட பணத்தைப் பின்னர் திரும்பப் பெற்றன.

நகையை அடகு வைத்துப் பங்கு வாங்குவோருக்குப் பங்கு விலையால் மார்ஜின் கால் வராது. ஆனால் வட்டி நிற்காமல் ஓடும், பங்கில் வரும் நட்டம் வீட்டு நகையைத் தொடும். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் வாங்கும் நிறுவனமே தன் சொந்த முதலைப்போல் இரண்டு மூன்று மடங்கு கடன் வைத்திருந்தால், உங்கள் கடன் அந்தக் கடனின் மேல் ஏறி நிற்கிறது என்பதையும் பாருங்கள்.

எனவே எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்காமல், எவ்வளவு இறக்கத்தைத் தாங்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் இந்தியாவின் 50 பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட நிஃப்டி குறியீடே ஏறத்தாழ 38 விழுக்காடு விழுந்தது. தனிப் பங்கு அதைவிட ஆழமாக விழக்கூடும். விலை பாதியாகக் குறைந்தாலும் விற்கும் கட்டாயம் வரக்கூடாது என்றால், மேலே சொன்ன விகிதப்படி ஒரு லட்சம் கைமுதலுக்கு வாங்கத்தக்க கடன், வட்டியைச் சேர்க்காமலே, சுமார் 66,000 ரூபாய்தான்.