குவில்ட் சங்கத்தில் சேர்வதா, வேண்டாமா: சந்தா கட்டுவதற்கு முன் செய்துபார்க்க வேண்டியவை

கொழும்பில் துண்டுத்துணிகளைப் பொருத்திக் குவில்ட் என்னும் அடுக்குப் போர்வை தைப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் சங்கம் ஒன்றில் நான் இரண்டு தடவைகள் சேர்ந்திருக்கிறேன். முதல் தடவை முழு ஆண்டுச் சந்தாவையும் கட்டிவிட்டு மூன்றாம் மாதத்தோடு நின்றுவிட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து, அதே கதிரைகளில் இருந்த அதே பெண்களுக்கு நடுவே மறுபடியும் போய்ச் சேர்ந்தேன், இன்றுவரை தொடர்கிறேன். இடையில் சங்கம் மாறவில்லை. எதைப் பார்த்துச் சேரவேண்டும் என்பது எனக்குத்தான் பிந்தி விளங்கியது. அதைப் படிப்படியாக இங்கே எழுதிவைக்கிறேன்.

மெசினில் நேராகத் தைக்கவும் கொட்டன் துணியைப் பார்த்து வாங்கவும் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். குவில்டின் மூன்று அடுக்குகள் எவை, நடுவில் எந்தப் பஞ்சுவிரிப்பை வைப்பது என்பவற்றை இங்கே விளக்கவில்லை.

படி 1: உங்களுக்கு எது தடையாக இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"எனக்குக் குவில்ட் பிடிக்கும்" என்று எழுதினால் அதனால் பயனில்லை. "மேற்பக்கத்தைத் தைத்து முடித்துவிட்டேன், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கப் பயமாக இருக்கிறது", "அலுமாரியில் நான்கு வேலைகள் பாதியில் கிடக்கின்றன", "வீட்டில் இதைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை" என்பவை போன்ற வரிகளுக்குச் சங்கத்தில் மருந்து இருக்கிறது. "மெசினையே தொட்டதில்லை" என்பது உங்கள் வரியானால், முதலில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டில் வைத்துத் தையல் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் சில மாதங்கள் போவதே நல்லது. சங்கம் வகுப்பு அன்று. அங்கே உங்களுக்கு உதவுபவர் தன் வேலையை மடியில் வைத்துக்கொண்டே உதவுகிறார். அவருடைய பொறுமையை மெசினுக்கு நூல் கோப்பதில் செலவழிக்க வைப்பது நியாயமில்லை.

படி 2: தொலைபேசியில் மூன்று கேள்விகள்

எந்த நாளில் கூடுகிறார்கள், பேச்சு பெரும்பாலும் எந்த மொழியில் நடக்கிறது, விருந்தினராக எத்தனை தடவை வரலாம் என்று கேளுங்கள். ஞாயிறு காலை என்றால் பிள்ளைகளை அறநெறி வகுப்புக்குக் கூட்டிப்போவது யார், பௌர்ணமி விடுமுறையான போயா தினம் என்றால் அன்று வீட்டில் விருந்தினர் வருவார்களா என்பதை இப்போதே யோசித்துவிட வேண்டும். மொழியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பது என் அனுபவம். எங்கள் மேசையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்தே ஓடுகின்றன, தையலைக் கையில் பிடித்துக் காட்டும்போது முக்கால்வாசி விளங்கிவிடும்.

படி 3: இரண்டு தடவைகள் விருந்தினராகப் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள்

நான் சறுக்கிய முதல் இடம் இது. நான் முதலில் போனது, அங்கத்தவர்கள் தாங்கள் முடித்த வேலைகளை விரித்துக் காட்டும் நாள். ஒருவர் பழைய கைத்தறிச் சீலைகளை வெட்டி, கடல்நீலத்திலிருந்து இளநீலம்வரை படிப்படியாக வெளிறும் பெரிய போர்வையொன்றை இரண்டு கதிரைகளின் மேல் ஏறிநின்று விரித்தார். நான் அந்த இடத்திலேயே சந்தாவைக் கட்டிவிட்டேன். ஆனால் அது ஆண்டில் ஓரிரு தடவைகள் மட்டும் வரும் நாள். மற்ற மாதங்களில் எல்லோரும் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டும், அளந்துகொண்டும், பிரித்துக்கொண்டும் இருப்பார்கள். கல்யாண வீட்டைப் பார்த்துக் குடும்பத்தை எடைபோட்டது போலாயிற்று.

ஆகவே விருந்தினராகப் போகும் இரண்டு தடவைகளில் ஒன்றாவது சாதாரண வேலைநாளாக இருக்கட்டும். முடிந்த வேலையை அன்றி, பிழையாகிப்போன வேலையைக் கொண்டுபோங்கள். அதை மேசையில் வைத்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "வடிவாய் இருக்கு" என்று சொல்லிவிட்டு எல்லோரும் தங்கள் வேலைக்குத் திரும்பினால், அந்தச் சங்கம் உங்களுக்கு நல்ல பொழுதுபோக்காகும், தையல் திருந்தாது. யாராவது துணியைத் திருப்பி, பின்புறத் தையலோரத்தை விரலால் தடவிப் பார்த்தால் அங்கே சேரலாம். என்னைக் கேட்டால், இந்த ஒரு சோதனை போதும்.

படி 4: உங்கள் கால் அங்குலத்தைச் சோதியுங்கள்

குவில்டில் துணியின் ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தைப்பதுதான் வழக்கம். நான் முதல் தடவை சங்கத்தை விட்டு விலகியதற்கு உண்மையான காரணம் இந்த அளவுதான். ஒவ்வொருவரும் ஒரு கட்டம் தைத்துவர, எல்லாவற்றையும் இணைத்து ஒரு குவில்டாக்கி அன்பளிப்பாகக் கொடுப்பது பல சங்கங்களில் வழக்கம். கட்டம் பன்னிரண்டரை அங்குலம் இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாலரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை வெட்டி, மூன்று மூன்றாகச் சேர்த்துத் தைத்துக் கொண்டுபோனேன். மேசைத் தலைப்பில் இருந்த மூத்த அம்மா ஒருவர் என் கட்டத்தின் மேல் அடிமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது அரை அங்குலம் காணாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கோ எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு நான் போகவில்லை.

வெட்டில்தான் பிழை என்று நினைத்து உருட்டுக் கத்தியும் வெட்டுப்பலகையும் வாங்கினேன். ஓல்ஃபா நிறுவனம் 1979இல் யப்பானில் அறிமுகப்படுத்திய அந்தக் கத்தி அருமையான கருவி என்பதில் ஐயமில்லை, ஆனால் என் பிழை அதில் இல்லை. நான் சட்டை தைத்துப் பழகியவள். மெசினின் பாத விளிம்பைத் துணியின் ஓரத்தோடு ஒட்டிப் பிடித்துத் தைப்பது என் வழக்கம். என் மெசினில் ஊசியிலிருந்து அந்த விளிம்பு கால் அங்குலம் அன்று, ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. நாலரைச் சதுரங்கள் மூன்றைச் சேர்த்தால் பதின்மூன்றரை அங்குலம் வருகிறது. இடையில் இரண்டு தையல்கள், ஒவ்வொன்றிலும் இருபுறத் துணியும் உள்ளே போகிறது. கால் அங்குலத்தில் தைத்திருந்தால் ஓர் அங்குலம் கழிந்து பன்னிரண்டரை எஞ்சியிருக்கும். எனக்கு ஒன்றரை அங்குலம் கழிந்து பன்னிரண்டுதான் எஞ்சியது. சட்டையில் இந்த வேறுபாட்டை யாரும் காணமாட்டார்கள்.

சோதிப்பது எளிது. ஒன்றரை அங்குல அகலத்தில், ஒரு சாண் நீளத்தில் மூன்று பட்டிகளை வெட்டுங்கள். அவற்றை நீளவாட்டில் அடுத்தடுத்துத் தைத்து, தையலோரங்களை ஒருபுறமாகச் சாய்த்து, இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் மேலிருந்து அழுத்தி எடுங்கள். நடுப்பட்டி சரியாக ஓர் அங்குலமும், மொத்த அகலம் மூன்றரை அங்குலமும் இருக்கவேண்டும். நடுப்பட்டி ஒடுங்கியிருந்தால் நீங்கள் அதிகமாக உள்ளே தைக்கிறீர்கள். அப்போது அடிமட்டத்தை மெசினில் வைத்து, கால் அங்குலக் கோட்டின் மேல் ஊசியைக் கையால் மெல்ல இறக்கி, அடிமட்டத்தின் விளிம்பு முடியும் இடத்தில் மெசின் தட்டின் மேல் பிளாஸ்டரை நாலைந்து மடிப்பாக ஒட்டிவிடுங்கள். இனித் துணி அந்தப் பிளாஸ்டரை உரசிக்கொண்டு போகும். துணி மடியும் இடத்தில் நூலும் சிறிது இடத்தை எடுத்துக்கொள்வதால், பிளாஸ்டரை ஊசியின் பக்கமாக ஒரு நூலிழை அளவு தள்ளி ஒட்டுவது இன்னும் நல்லது. கால் அங்குலத்துக்கென்றே விற்கும் தனிப் பாதத்தை முதல் ஆண்டில் வாங்காதீர்கள், பிளாஸ்டர் போதும்.

இந்தச் சோதனையில் தேறிய பிறகுதான் சேரவேண்டும் என்று சொல்லவரவில்லை. தேறாவிட்டாலும், பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் "அரை அங்குலம் காணாது" என்பது வெறும் அளவாகத்தான் காதில் விழும்.

படி 5: சந்தாவுக்கு வெளியே போகும் பணத்தையும் கணக்கிடுங்கள்

சந்தாதான் எல்லாவற்றிலும் சிறிய செலவு. தேநீர்ச் சிற்றுண்டி முறை உங்களுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும், அன்பளிப்புக் குவில்டுக்குத் துணி யார் கொடுப்பது, பஞ்சுவிரிப்பை எல்லோரும் சேர்ந்து வாங்குகிறார்களா என்று கேளுங்கள். சேர்ந்து வாங்குவதாக இருந்தால் அந்த ஒன்றிலேயே சந்தாவின் பெரும்பகுதி மீளக்கூடும். துணிக்கு நான் இன்னும் புறக்கோட்டைக்கும் மஹரகமையை அடுத்த பமுணுவவுக்கும்தான் போகிறேன். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளில் நல்ல கொட்டன் அகப்படும். வீட்டுக்கு வந்ததும் ஓர் இழையை எரித்துப் பாருங்கள்: தாள் எரிந்த மணத்தோடு சாம்பல் உதிர்ந்தால் கொட்டன், உருகிக் கட்டியானால் பொலியெஸ்டர்.

மெசினைக் கொண்டுவரச் சொல்லும் நாட்களுக்குப் போக்குவரவையும் கணக்கில் சேருங்கள். இரும்பு உடம்புள்ள என் பழைய மெசினை 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்ற ஒருமுறை முயன்றேன். நடத்துனர் மெசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணியை அடித்துவிட்டார். இப்போது அந்த நாட்களில் காகித அறுகோணங்களின் மேல் துணியை மடித்துக் கையால் இணைக்கும் வேலையை எடுத்துப்போகிறேன். ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

எல்லாம் பார்த்தபின் முதல் படியில் எழுதிய வரியை எடுங்கள். நீங்கள் போன இரண்டு தடவைகளில் அந்தத் தடை சற்றாவது தளர்ந்திருந்தால் சேருங்கள். தளராவிட்டால், தைக்கும் தோழிகள் இருவரை மாதம் ஒருநாள் உங்கள் வீட்டு விறாந்தைக்குக் கூப்பிடுங்கள். அதற்குச் சந்தா இல்லை.

பின்னர் சேர்த்தது: இதை வாசித்த ஒருவர், பட்டிச் சோதனையில் தேறியும் தன் கட்டம் கழுவியதும் சுருங்கிவிட்டதாக எழுதினார். இதை நான் சொல்லாமல் விட்டது பிழை. உங்கள் சங்கத்தில் துணியைக் கழுவிய பின் வெட்டுகிறார்களா, கழுவாமலா என்று முதல் நாளே கேளுங்கள். ஒரே குவில்டில் இரண்டும் கலந்தால் முதல் சலவையிலேயே கட்டங்கள் சுருக்கம் விழுந்து இழுபடும். கைத்தறித் துணியை, யார் என்ன சொன்னாலும், நான் கழுவாமல் வெட்டுவதில்லை. கடுஞ்சிவப்பையும் கருநீலத்தையும் தனித்தனி வாளியில் ஊறவைத்து, நீர் நிறம் மாறாமல் நிற்கும்வரை அலசுகிறேன். போன மாதம் ஒரு சிவப்புத் துணி ஆறாவது வாளியிலும் நிறம் விட்டது. அதைக் குவில்டுக்கு எடுக்காமல் தலையணை உறை தைத்துவிட்டேன்.