மருத்துவமனை வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் மருத்துவமனைகளில் நீண்டகாலச் சிகிச்சை பெறும் குழந்தைகள் குடியாத்தம், ஆம்பூர், ஜவ்வாது மலை என நம் சுற்றுவட்டாரத்திலிருந்து மட்டும் வருவதில்லை. சித்தூரிலிருந்தும், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் போன்ற தொலைவான மாநிலங்களிலிருந்தும் பெற்றோருடன் வந்து, லாட்ஜ் அறையிலோ வாடகை வீட்டிலோ மாதக்கணக்கில் தங்குகிறார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்கான சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளும். கடுமையான தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். இத்தனை காலமும் படிப்பு நின்றுவிட்டால், உடல் தேறிய பிறகு பள்ளிக்குத் திரும்புவதே ஒரு புதிய துன்பமாகிவிடும். அதைத் தடுக்கத்தான் வார்டை ஒட்டி ஒரு வகுப்பறை வேண்டியிருக்கிறது. அங்கே கற்பிக்க முன்வருபவர்கள் இரக்கத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் அங்கு நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த இரக்கத்திலிருந்தே தொடங்குகின்றன.

"பாவம், பிள்ளையை எதற்குப் படி படி என்று படுத்த வேண்டும்" என்று எண்ணி, வண்ணம் தீட்டும் தாளை மட்டும் நாள்தோறும் நீட்டுவதுதான் அவற்றில் மிகப் பெரியது. நான்காம் வகுப்பில் பின்னக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்த சிறுமிக்கு, தன் தோழிகள் இந்நேரம் தசமக் கணக்குக்குப் போயிருப்பார்கள் என்பது நன்றாகத் தெரியும். அவளிடம் எதையும் எதிர்பார்க்காமல் இருப்பது, உன்னால் இனி ஆகாது என்று சொல்வதற்குச் சமம். கணக்கைக் கொடுங்கள், தப்பாகப் போட்டால் தப்பு என்று சொல்லித் திருத்துங்கள், நாளை வரும்போது முடித்துவர ஒரு சிறு வேலையும் கொடுங்கள். ஊசி, மாத்திரை, சாப்பாடு எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்கிற இடத்தில், தானே செய்து முடிக்க அவளுக்கென்று இருப்பது அந்தப் பாடம் ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிரான தவறு, பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வார்டுக்குள் கொண்டுவருவது. 40 நிமிடப் பாடவேளை இங்கே செல்லாது. ரத்தம் ஏற்றும் நாள் நெருங்க நெருங்கத் தலசீமியா குழந்தை சோர்ந்துபோகும். அந்த நாட்களில் கதை வாசித்துக் காட்டிவிட்டு, புதிய பாடத்தை ரத்தம் ஏற்றிய பின் வரும் தெளிவான நாட்களுக்கு வைத்துக்கொள்வதே முறை. ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் வாரத்தில் குழந்தை தூக்கமின்றி எரிந்து விழும், ஓயாமல் பசிக்கிறது என்று சொல்லும். அது அடம் அல்ல, மருந்தின் வேலை. முதல் வகை நீரிழிவு உள்ள சிறுவன் திடீரென வியர்த்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அதைக் கவனக்குறைவு என்று கண்டிக்காமல் உடனே செவிலியரை அழையுங்கள். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கலாம்.

கையெழுத்தை வைத்துக் குழந்தையை எடைபோடுவது மற்றொரு தவறு. வின்கிறிஸ்டின் என்னும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மருந்து விரல் நரம்புகளைப் பாதிக்கும். சட்டைப் பித்தானைப் போட முடியாமல் திணறும் குழந்தை, பென்சிலை விரல்களால் அள்ளிப் பிடித்துக்கொண்டு எழுதும். இரண்டு வரிக்குள் எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிடும். அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் நிரப்புவதில் பயன் இல்லை. வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள், தடித்த பென்சில் கொடுங்கள். எழுதும் கையில் ஊசி ஏற்றாமல் மற்றக் கையில் ஏற்ற முடியுமா என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் செய்து தருவார்கள். மூளைக்குக் கதிர்வீச்சு பெற்ற குழந்தைக்குப் பதில் தெரிந்திருந்தும் சொல்ல நேரமாகும். அது யோசித்துச் சொல்லும் வரை காத்திருக்கும் பொறுமை ஆசிரியருக்கு வேண்டும்.

மொழியில் நடக்கும் தவறு வேலூருக்கே உரியது. வங்காளமோ தெலுங்கோ பேசும் பிள்ளையைத் தமிழ்ப் பாடத்தில் உட்காரவைத்துவிட்டு, மந்தமான பிள்ளை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதன் ஊர்ப் பாடநூலைப் பெற்றோரின் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். கணக்கையும் படங்களையும் கொண்டு தொடங்கலாம்.

தொற்று விஷயத்தில் தாராளம் கூடாது. ஆசிரியருக்குச் சளி இருந்தால் அன்று விடுப்பு எடுப்பதே கடமை. ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்குப் பூங்கொத்தும் பிறர் புழங்கிய துணி பொம்மையும் வேண்டாம். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பொருட்களே போதும்.

கூடப் படித்த பிள்ளை இறந்துவிட்டால், "ஊருக்குப் போய்விட்டான்" என்று சொல்வது வழக்கமாக இருக்கிறது. பிள்ளைகள் வார்டின் முகங்களைப் பார்த்தே உண்மையை அறிந்துவிடுகிறார்கள்; பிறகு உண்மையிலேயே வீட்டுக்கு அனுப்பும்போது, ஊருக்குப் போகலாம் என்ற சொல்லே அவர்களைப் பயமுறுத்தும். மருத்துவரிடமும் பெற்றோரிடமும் கலந்துகொண்டு, கேட்ட பிள்ளைக்குக் கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

சொந்தப் பள்ளியோடு தொடர்பை விட்டுவிடுவது கடைசி நேரத்தில்தான் உறைக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைப் பெற்றோர் வழியாக அழைத்து, எந்தப் பாடம் வரை முடிந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தலசீமியா, ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா, சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் அரிவாள் செல் நோய் ஆகியவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன என்பது பல பள்ளிகளுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு மாணவருக்குக் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ தேவை என்றால், சான்றிதழுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வீடு திரும்பும் பிள்ளையின் கையில், முடித்த பாடங்கள், எழுதுவதில் உள்ள சிரமம், அடுத்த சிகிச்சை நாட்கள் ஆகியவற்றைக் குறித்த கடிதம் ஒன்று, பெற்றோரின் சம்மதத்தோடு இருக்கட்டும். அந்தக் கடிதத்தில், வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால் அன்றே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதைத் தனி வரியாக, பெரிய எழுத்தில் எழுதுங்கள். கீமோ எடுக்கும் பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம், தடுப்பு மருந்தைத் தாமதமின்றிக் கொடுத்தாக வேண்டும்.