பழைய பட்டறை மேசையை வாங்கிச் சீரமைப்பது எப்படி?

கோயம்புத்தூரில் ஒரு பழைய பம்ப்செட் பட்டறையை மூடும்போது லேத்தும் டிரில்லிங் மெஷினும் முதல் வாரத்திலேயே விலைபோய்விடும். கடைசிவரை யாரும் கேட்காமல் மூலையில் கிடப்பது மெக்கானிக் நின்று வேலை பார்த்த மேசைதான். கிரீஸும் கரியும் ஏறிக் கறுத்துப்போன அந்த மேசையைப் பெரும்பாலும் விறகாகவும் இரும்பாகவும் பிரித்து எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. 1930களில் நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின்சாரம் வந்து இங்கே பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்யப் பட்டறைகள் முளைத்தன. மோட்டாரும் பம்பும் இதே ஊரில் உருவாயின. அந்த வேலையெல்லாம் இப்படிப்பட்ட மேசைகளின் மேல்தான் நடந்தது. வீட்டில் சின்னப் பட்டறை வைக்க நினைப்பவர்கள் புதிய மேசைக்குப் போகும் முன் இதில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். நான் ஒன்றை வாங்கிச் சரிசெய்த விதத்தை, முதல்முறை செய்பவர்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

1. வாங்கும்போது எதைப் பார்ப்பது

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் சொல்லி வைக்கலாம். அதைவிட நல்லது, பட்டறை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நேரில் போவது. மேசை இருந்த இடத்திலேயே பார்த்தால் அது எப்படிப் பயன்பட்டது என்பது தெரியும்.

மேற்பரப்பின் அழுக்கைப் பார்த்து மலைக்காதீர்கள், அது போய்விடும். குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பலகையின் அடியிலும் சுவரோடு ஒட்டியிருந்த பின் விளிம்பிலும்தான் கரையான் ஏறும். ஒரு திருப்புளியின் முனையால் அழுத்துங்கள். நல்ல தேக்கு எதிர்த்து நிற்கும், அரித்த மரத்தில் முனை பொதுக்கென்று இறங்கும். குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்து, அவற்றிலிருந்து புதிதாக மாவு உதிர்ந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்த மேசை வேண்டாம்.

கால்கள் வார்ப்பிரும்பாக இருந்தால் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். விரிசல் இல்லாத கால் மணிபோல் ஒலிக்கும். மொத்தென்று சத்தம் வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கலாம். வார்ப்பிரும்பில் வெல்டிங் எளிதில் நிற்காது. அதற்கென்று தனி ராடும் சூடுபடுத்தி ஆற்றும் பக்குவமும் தெரிந்தவர் வேண்டும்.

மேசையோடு வைஸ், அதாவது வேலை செய்யும் பொருளை இரு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி, இருக்கிறதா என்று கேளுங்கள். பாதி மதிப்பு அதில்தான் இருக்கிறது. வைஸை முழுவதும் திறந்து திருகுத் தண்டின் மரையைக் கைவிரலால் தடவுங்கள். மரையின் மேல்முனை தட்டையாக இருக்க வேண்டும். கத்திபோல் கூராகியிருந்தால் தேய்ந்துவிட்டது. பிறகு ஒரு செய்தித்தாளைக் கிழித்து, தாடையின் இடது ஓரத்தில் ஒரு துண்டும் வலது ஓரத்தில் ஒரு துண்டும் வைத்து மெல்ல இறுக்குங்கள். இரண்டையும் இழுத்துப் பாருங்கள். ஒன்று இறுகி நிற்க, மற்றொன்று வழுக்கி வந்தால் தாடைகள் இணையாகச் சேரவில்லை. தாடையில் பொருத்திய பல் வைத்த தகடு தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும். தகட்டை மாற்றிக்கொள்ளலாம்; உடலே கோணியிருந்தால் விட்டுவிடுங்கள்.

விலை பேசும்போது இரும்பை எடைக்கும் மரத்தைத் தனியாகவும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார். பணம் கொடுக்கும் முன் உங்கள் வீட்டு வாசலின் அகலத்தை அளந்துவிடுங்கள். என்னுடையது ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அங்குலத் தடிமனில் மூன்று தேக்குப் பலகைகள். பலகை மட்டுமே ஏறக்குறைய அறுபது கிலோ. கழற்றாமல் அதைச் சந்துக்குள் திருப்பவே முடியவில்லை.

2. கழற்றுவது

எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலுக்கும் அது சேரும் இடத்துக்கும் சாக்கட்டியால் ஒரே எண் எழுதுங்கள். பழைய மேசைகளில் சதுரத் தலை போல்ட்டுகள் இருக்கும். கையால் பொருத்தியவை என்பதால் ஒன்று இன்னொன்றின் இடத்தில் சேராமல் போகலாம்.

துருப்பிடித்து இறுகிய நட்டில் முதல் நாள் மாலையே டீசலோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டுவிடுங்கள். மறுநாள் கழற்றும் முன், சிறிது இறுக்கும் பக்கமாக ஒருமுறை அசையுங்கள். துருவின் பிடி அதில் உடையும். பிறகு கழற்றினால் போல்ட் முறியாமல் வரும். கோணல் ஸ்பேனரும் இரும்புக் குழாயும் போட்டு ஒரே மூச்சில் இழுப்பவர்கள்தான் தலையை உருட்டிவிடுகிறார்கள்.

3. பலகை

என் மேசையின் முன் விளிம்பில் ஒரு அதிசயம் இருந்தது. கறுத்த எண்ணெய்ப் படலத்தைச் சுரண்டியபோது வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளை ஆணித் தலைகள் தெரிந்தன. அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். சரியாக அங்குலத்துக்கு ஒன்று, மொத்தம் இருபத்துநான்கு. ஆறாவது ஆணியும் பன்னிரண்டாவது ஆணியும் சற்றுப் பெரியவை. அங்கே நின்று வேலை பார்த்த யாரோ ஒருவர், ஒவ்வொரு முறையும் அளவுகோலைத் தேட வேண்டாம் என்று அடித்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு, பலகையைப் புதிதுபோல இழைத்துவிடும் எண்ணத்தைக் கைவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். வேலைக்கு இடைஞ்சலாக இருப்பதை மட்டும் நீக்குங்கள்.

முதலில் மரத்தூளைப் பரப்பி ஓர் இரவு விடுங்கள். மேலே நிற்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும். பிறகு சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, தேங்காய் நாரால் மர ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். ரப்பர் கையுறை அவசியம். தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுத்தால் போதும். நிழலில் நான்கைந்து நாள் காய வேண்டும். வெயிலில் போட்டால் பலகை வளைந்துவிடும்.

அடுத்ததுதான் நான் தவறவிட்ட இடம். இழைப்புளியை எடுக்கும் முன் ஒரு காந்தத்தைப் பலகை முழுவதும் நகர்த்துங்கள். பல ஆண்டு அரம் போட்டு உதிர்ந்த இரும்புத்தூளும் முறிந்த ஆணிகளும் மரத்துக்குள் புதைந்திருக்கும். என் இழைப்புளியின் தகடு ஒரு முறிந்த ஆணியில் மோதி அரை அங்குலத்துக்குச் சிதைந்தது. அதைத் தீட்டிச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போயிற்று. முறிந்த ஆணிகளை எடுத்துவிட்டு, மேடான இடங்களை மட்டும் இழையுங்கள். நேரான ஒரு சட்டத்தைக் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் கசியும் இடத்தைப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். அகன்ற விரிசல்களில் எப்பாக்ஸிப் பசையுடன் அதே மரத்தின் தூளைக் குழைத்து நிரப்புங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் பசை பிடிக்காது. விரிசலின் உள்பக்கத்தைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகே நிரப்புங்கள்.

4. வைஸும் கால்களும்

பழைய பெயிண்ட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டு, அலங்காரப் பெயிண்ட்டுகளில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நம் நாட்டில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். கழிவைத் தாளில் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

வைஸைப் பிரித்துச் சிறு பாகங்களைச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைப்பது எளிய வழி. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது முதல் நூறு கிராம் போதும். பிளாஸ்டிக் வாளியில் பாகங்கள் முழுவதும் மூழ்க வேண்டும். பாதி வெளியே நின்றால் நீர்மட்டத்தில் கோடு அரித்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். துரு போனதும் வெளியே எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் அமிலம் இரும்பையே தின்னும். எடுத்தவுடன் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, சூடுகாட்டி உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். இதில் தாமதம் கூடாது. கழுவிய இரும்பு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும்.

திருகுத் தண்டின் மரை நன்றாக இருந்து, அதைத் தாங்கும் நட் மட்டும் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம். தண்டையும் நட்டையும் ஒரு நல்ல லேத் பட்டறைக்கு எடுத்துப்போனால் புதிய நட் கடைந்து தருவார்கள்.

கால்களுக்குத் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு அடிப்பூச்சு ஒரு கோட், அது காய்ந்தபின் எனாமல் இரண்டு கோட். வைஸில் பெயிண்ட் அடிக்கும்போது, ஒன்றன்மேல் ஒன்று நழுவும் பளபளப்பான முகங்களைக் காகித நாடாவால் மூடிவிடுங்கள். அங்கே எண்ணெய் மட்டும்தான். தண்டுக்குக் கிரீஸ்.

5. நிறுத்திப் பொருத்துவது

கால்களைச் சேர்த்ததும் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணாமல் இருக்கிறது. ரசமட்டம் வைத்து, தாழ்ந்த காலின் கீழ் இரும்புத் தகட்டைச் செருகுங்கள். மரக் கட்டை வைத்தால் நாளடைவில் நசுங்கிவிடும்.

வைஸின் உயரத்தில் சமரசம் வேண்டாம். நிமிர்ந்து நின்று கையை மடக்கினால், முழங்கை முனையும் தாடையின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஃபிட்டர்களுக்குச் சொல்லித்தரும் ஆரம்பப் பாடம் இது. தாழ்ந்திருந்தால் அரம் போடும்போது இடுப்பு வலிக்கும், உயர்ந்திருந்தால் தோள் வலிக்கும். எனக்கு ஒன்றரை அங்குலம் குறைந்தது. வைஸுக்கு அடியில் ஒரு தேக்குக் கட்டை வைத்தேன். வைஸைக் காலுக்கு நேர் மேலே பொருத்துங்கள், நடுப்பலகையில் வைத்தால் அதிரும். அதன் நிலையான தாடை மேசையின் விளிம்பைவிடச் சற்று முன்னே நிற்கட்டும். நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது மேசை குறுக்கே வராது. போல்ட்டுகள் பலகையை ஊடுருவிப்போய் அடியில் அகன்ற வாஷருடன் முடிய வேண்டும்.

கடைசியாகப் பலகைக்கு ஆளி விதை எண்ணெய். வண்ணக் கடைகளில் காய்ச்சியது கிடைக்கும். மெல்லப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்று முறை போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். கொடியில் விரித்துக் காயப்போட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.

எண்ணெய் காய்ந்ததும் வைஸின் கைப்பிடியை மேலே தூக்கி விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே துளை வழியாக வழுக்கி, டிங் என்று கீழே விழ வேண்டும். பிறகு ஒரு விரலால் தள்ளுங்கள். தாடை முனகாமல் நகர்ந்தால் வேலையைத் தொடங்கலாம்.