எபிடூரல் போட்ட பிறகு எப்படிப் படுப்பது? இங்கிலாந்தில் முதல் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு

பிரசவம் என்றால் டாக்டர் காட்டும் மேசையில் மல்லாந்து படுப்பது என்றுதான் ஊரில் கேட்டு வளர்ந்திருப்போம். இங்கே லேபர் வார்டில் மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, வந்து "உங்களுக்கு எப்படி இருந்தால் வசதி?" என்று கேட்பார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்த வலியில் அப்படியே மல்லாந்து கிடந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

எபிடூரல், அதாவது பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி வழியாகக் கொடுக்கும் மருந்து, வேண்டும் என்று தோன்றினால் முன்கூட்டியே உங்கள் மிட்வைஃபிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள். அது மயக்க மருந்து டாக்டர் இருக்கும் லேபர் வார்டில்தான் கிடைக்கும். மிட்வைஃப்கள் மட்டும் நடத்தும் பர்த் சென்டரிலோ வீட்டிலோ கிடைக்காது, நடுவில் மனம் மாறினால் வலியோடு வார்டுக்கு மாற வேண்டியிருக்கும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், என்.எச்.எஸ். என்ற இங்குள்ள அரசு மருத்துவச் சேவையில் அதற்குக் காசு கிடையாது. கணவரே மொழிபெயர்த்துவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள், அன்றைக்கு அவரே பதற்றத்தில் இருப்பார். வீட்டுப் பெரியவர்கள் போனில் "முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி" என்பார்கள். எபிடூரலால் நீண்டகால முதுகுவலி வருவதில்லை என்றுதான் இங்குள்ள மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் முக்கும் கட்டம் நீளலாம், ஆயுதம் (இடுக்கி அல்லது உறிஞ்சு கருவி) போட்டுக் குழந்தையை எடுக்கும் வாய்ப்பும் கூடும். படுக்கும் விதம் அங்கேதான் முக்கியமாகிறது.

மருந்து ஏறியதும் 15 நிமிடத்துக்கு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்ப்பார்கள். வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிப்பார்கள். கால் கனக்கும், தனியாக எழுந்து நடக்க வேண்டாம். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயை அழுத்திப் பிரஷர் இறங்கும். எபிடூரலுக்கும் பிரஷரை இறக்கும் குணம் உண்டு, இரண்டும் சேர்ந்தால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையலாம். பாட்டிகள் இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்று சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது.

சரி, உட்கார்ந்தபடி முக்கினால் பூமியின் ஈர்ப்பு உதவுமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கேயே 3,000க்கும் மேற்பட்ட முதல் பிரசவக்காரர்களிடம், குறைந்த அளவு மருந்துள்ள எபிடூரல் போட்டவர்களிடம், இதைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கருப்பை வாய் முழுதாகத் திறந்த பிறகு நிமிர்ந்த நிலையில் இருந்தவர்களில் 35.2 சதவீதம் பேருக்கும், ஒருக்களித்துப் படுத்தவர்களில் 41.1 சதவீதம் பேருக்கும் ஆயுதமோ ஆபரேஷனோ இல்லாமல் பிறந்தது. நூற்றுக்கு ஆறு பேர் வித்தியாசம். தாய்க்கோ குழந்தைக்கோ ஒருக்களித்துப் படுத்ததால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. எபிடூரல் போடாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் நிமிர்ந்தே இருக்கலாம்.

ஆகவே முழுதாகத் திறந்துவிட்டது என்றதும் "கேன் ஐ லை ஆன் மை சைட்?" (ஒருக்களித்துப் படுக்கலாமா?) என்று கேளுங்கள், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனாலும் போதும். உடனே முக்கச் சொல்ல மாட்டார்கள், தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் முதல் பிரசவத்தில் இரண்டு மணி நேரம் வரைகூடக் காத்திருக்கச் சொல்லலாம். உங்களை மறந்துவிட்டார்கள் என்று பயப்படாதீர்கள், குழந்தை தானாகக் கீழே இறங்க விடுகிறார்கள். அந்த நேரத்தில் அவ்வப்போது பக்கம் மாற்றிவிடச் சொல்லுங்கள், கால் மரத்திருந்தால் நீங்களாகத் திரும்புவது கஷ்டம். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வேண்டும், சில இடங்களில் வேர்க்கடலை வடிவத்தில் ஒரு பந்து தருவார்கள். குழந்தையின் துடிப்பு இறங்கினால் வேறு பக்கம் திருப்புவார்கள், ஆயுதம் போட வேண்டி வந்தால் காலைத் தூக்கி வைப்பார்கள், அப்போது வாதாடாதீர்கள்.

தலையணை இரண்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், பூப்போட்ட உறை போட்டு. வெள்ளை உறையென்றால் ஆஸ்பத்திரித் தலையணையோடு கலந்து போய்விடும்.